நடுவில் என் பெயர்

பிம்ப்ளி,
ஜூன் 28.

மாண்புமிகு எம்.பி. அவர்களுக்கு, சூடான பாக்ரி ரொட்டிக்குக் காத்திருந்தே பழகிய உங்கள் வீட்டுக்காரன் கும்பிட்டு எழுதுவது.

சிரிக்காதே. ஊரே இப்போது என்னோடு இந்த மரியாதையில்தான் பேசுகிறது. நாலு நாளாய் நல்ல மழை. மேல் வயலில் சோயா விதைத்தாயிற்று. எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் பெயரையே வைக்கலாம் என்றாள் என் அக்கா காஷி. எம்.பி.யைக் கயிற்றில் கட்டக் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன்.

நீ பதவிப் பிரமாணம் எடுத்ததைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் டி.வி. வைத்துப் பார்த்தோம். நிற்க இடமில்லை. அக்கா முன்னால் உட்கார்ந்துகொண்டு, "டேய் பபன், முழுப்பேரையும் சொல்லணுமாம்டா. நடுவுல புருஷன் பேரு வருதே, இவ முழுங்கிடுவா பாரு" என்றாள். கல்யாணத்தன்று வாசலை மறித்து, ஒரு பாட்டுக் கட்டி அதில் என் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்று உன்னை அழவைத்தவள் அவள்தானே! அந்த இரண்டு வரிப் பாட்டுக்குப் பிறகு என் பெயர் உன் வாயில் வந்ததே இல்லை.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருடம் முன்பு அதே அறையில்தான் நீ பஞ்சாயத்துத் தலைவி ஆனாய். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் நான்தான் உன்னை நிறுத்தினேன். கிராம சேவகர் முழுப்பெயர் கேட்டார். "இந்துமதி" என்று ஆரம்பித்து, என் பெயர் வந்ததும் நின்றுவிட்டாய். நான் எடுத்துக்கொடுத்தேன். அதோடு விட்டேனா? மாலையை நானே வாங்கிக்கொண்டேன், நாற்காலியிலும் நானே உட்கார்ந்தேன். இரண்டு வருடம் உன் கையெழுத்தையும் நானே போட்டேன்.

பிறகு அந்தத் தண்ணீர் லாரி. முதல் லாரி நம் தெருவுக்கு என்று கிராம சபையில் சொன்னேன். நீ முக்காட்டோடு எழுந்தாய். "தலைவி நான்தான். லாரி மொதல்ல கீழத்தெருவுக்குப் போகும். அவரைக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க, நான் உக்காரணும்" என்றாய். என் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. நீ பாக்ரியை மூடி வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டாய். கீழத்தெரு அன்றைக்குப் பிடித்த உன் கையை விடவேயில்லை. தாலுகா, ஜில்லா பரிஷத், இப்போது டெல்லி! ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வாக்கு வித்தியாசம்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

டி.வி.யில் "நான், இந்துமதி" என்றாய். நின்றாய். இங்கே அக்கா டி.வி.க்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள். நீ என் பெயரை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால், "பபன் ஷேல்கே" என்று கணீரென்று சொன்னாய். முதலில் விசிலடித்தது அக்காதான். என் தலையில் சிவப்புக் குலால் பொடியைக் கொட்டினார்கள். அது கண்ணில் விழுந்துதான் தண்ணீர் வந்தது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் பெயரை எத்தனையோ காகிதங்களில் எழுதியவன் நான். எல்லாம் உன் கையெழுத்தாக. உன்னைக் கூப்பிடுவதற்கு ஒருமுறையும் எழுதியதில்லை, வாயால் சொன்னதும் இல்லை. "ஏய், கேக்குதா" என்றே இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். நீ வரும் அன்று அக்கா வாசலை மறிப்பாள். இந்தத் தடவை உன் பெயரை வைத்துப் பாட்டுக் கட்ட வேண்டியவன் நான். இரண்டு நாளாக முட்டிமோதியும் ஒரு வரிதான் வந்திருக்கிறது.

டெல்லி வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நம் சாமி விட்டோபா உனக்குத் துணை நிற்கட்டும்.

இந்துமதி, சீக்கிரம் ஊருக்கு வா.

உன்
பபன்