மகாராணியின் கயிறு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை உங்கள் அக்கா வந்து உங்கள் மகளை டவுனுக்கு அழைத்துப் போவார், இனி அவள் அங்கேயே தங்கிப் படிக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கல்யாணமாகி வந்த அன்று, இனி நீதான் அவளுக்கு எல்லாம் என்று சொன்ன அதே ஆள்தானே நீங்கள்? ஒரு வருஷம்கூட முழுதாகவில்லை.

அண்ணி போன மாதம் வந்திருந்தபோது பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். பொய் என்று சொல்லமாட்டேன். பிள்ளை என்னோடு பேசுவதில்லை, உண்மைதான். அம்மா என்றும் கூப்பிடுவதில்லை, சித்தி என்றும் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க", அவ்வளவுதான். பெற்றவளைப் பறிகொடுத்த பிள்ளை வேறு எப்படி இருப்பாள்? ஆனால் நான் கம்பளி சீவ உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருவாள். ராட்டையில் நூற்க நூற்க என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை அண்ணி பார்க்கவில்லை.

சரி, இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கோபத்தோடு எழுதினால் எழுத்தெல்லாம் கோணலாகப் போகிறது.

வசந்தம் வந்துவிட்டது என்று நம்பித்தான் போன வாரம் ஆடுகளுக்குக் கம்பளி கத்தரித்தோம். மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. வெங்காயத் தோல் போட்டுக் கொதிக்கவைத்த சாயமும் நூலில் நன்றாகப் பிடித்திருக்கிறது, அந்த மஞ்சளைப் பார்த்தால் கண் நிறைகிறது. கத்தரித்த மறுநாளே வானம் தன் வேலையைக் காட்டிவிட்டது. குளிர்மழை என்றால் அப்படி ஒரு குளிர்மழை. மொட்டையாக நின்ற ஆடுகள் வெடவெடவென்று நடுங்கின. எல்லாவற்றையும் உள்ளே அடைத்து, பழைய போர்வைகளைப் போர்த்திவிட்டு அல்லாடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மகாராணி குட்டி போட்டது. தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்குமே, அந்தக் கறுப்புமூக்கு ஆடுதான். அதற்குத் தலைச்சன் குட்டி.

நான் மற்ற ஆடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் மகள் அந்த ஈரக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கம்பளி அலசும் தொட்டியில் வெந்நீர் விட்டு, சோப்புப் போட்டு, நாம் கம்பளியை எப்படி அலசுவோமோ அப்படியே நோகாமல் அலசியிருக்கிறாள். துடைத்து, தானே பின்னி வைத்திருந்த ஸ்வெட்டரையும் மாட்டி, தாயிடம் கொண்டுவந்து விட்டாள். அதை எப்போது பின்னினாள், எங்கே ஒளித்து வைத்திருந்தாள், எனக்குத் தெரியவே தெரியாது. கழுத்துப் பட்டியைப் பார்த்தேன். நான் மட்டும் போடுகிற அந்த இரட்டை முடிச்சு.

மகாராணி குட்டியை மோந்து பார்த்தது. சோப்பு வாசனை, தன் குட்டி என்றே அதற்குத் தெரியவில்லை. ஒரே முட்டு, குட்டி சுவரோரம் போய் விழுந்தது. எழுந்து தள்ளாடிக்கொண்டு மறுபடியும் போனது, மறுபடியும் முட்டு. ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். இவள் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. "குளிருமேன்னுதான் செஞ்சேன், நான் கெடுத்துட்டேன்ல? செத்துடுமா?" என்றாள். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல்.

ஸ்வெட்டரைக் கழற்றினோம். மகாராணி முட்ட முடியாதபடி மூலையில் இழுத்துக் கட்டினேன். அதன் பாலையே கறந்து குட்டியின் முதுகிலும் வாலிலும் தடவினோம். நான் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள, இவள் குட்டியின் வாயை மடிக்காம்பில் பொருத்திப் பார்த்தாள். குட்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. வாய்க்குள் விரலை விட்டால் ஜில்லென்றிருந்தது. அவ்வளவுதான், போய்விட்டது என்றே நினைத்தேன். இவள் மட்டும் அதன் காதோடு, "குடி, குடி, அவ நல்லவதான், கொஞ்சம் கோவக்காரி" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டைத்தான் சொன்னாள்.

கடைசியில் குட்டி பற்றிக்கொண்டது, வால் ஆடியது. குடிக்கிற பால் உடம்பில் ஊறி, தாயின் வாசனை குட்டிக்கு வரும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் முட்டியே கொன்றுவிடும் என்று இவளிடம் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து இவளுக்குக் கொட்டகையே கதி. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்விடுகிறேன், கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுகிறோம்.

நேற்று உங்கள் கடித விஷயத்தைச் சொன்னேன். மறைத்தால் அப்புறம் என் முகத்தில் முழிப்பாளா? அழவில்லை. அழுத்தத்தில் அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மகாராணிய கட்டி வச்சிருக்கிற வரைக்கும் நான் போக முடியாதுல்ல? குட்டிய யார் பிடிப்பா?" என்றாள். முடியாதுதான் என்றேன்.

நேற்று மாலை கயிற்றைக் கொஞ்சம் நீட்டி விட்டிருந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தால், குட்டி தானாகவே குடித்துக்கொண்டிருந்தது. மகாராணி கழுத்தைத் திருப்பி, கயிறு எட்டுகிற மட்டும் எட்டி, அதன் வாலை நக்கிக்கொண்டிருந்தது. இனிமேல் கயிறு தேவையில்லை என்பது ஆடு வளர்க்கிற வீட்டில் யாருக்குத் தெரியாது? இவள் எனக்கு முன்பே வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "இன்னும் சரியா பழகல, இல்ல?" என்றாள். ஆமாம், இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றேன். அவளே போய் முடிச்சை இன்னொரு முறை இறுக்கிவிட்டு வந்தாள்.

கம்பளி ஏற்ற வந்த லாரிக்காரர் உங்கள் வேலை நடக்கும் மலைப்பாதை வழியாகத்தான் போகிறாராம். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பக்கம் போன் எடுக்காது என்று தெரியும். இறங்கிவந்தாவது அண்ணிக்குப் பேசி, வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார், உங்கள் வாயால் சொன்னால்தான் கேட்பார். ஏன் என்று கேட்டால், ஆட்டை இன்னும் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மலைக்காற்றில் தலையில் துணி கட்டாமல் நிற்காதீர்கள். எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பாவம், வாயில்லா ஜீவன், அதை எத்தனை நாள்தான் நாங்கள் கட்டி வைப்போம்?

இப்படிக்கு,
உங்கள் கோபக்காரி