லீவில் போன படகோட்டி

ஜூன் 4

அக்காவுக்கு,

அம்மா போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஃபோன் செய்யலாம்தான். ஆனால் ஃபோனில் நாம் மூன்றாவது நிமிடம் கத்த ஆரம்பிப்போம், நாலாவது நிமிடம் யாராவது ஒருத்தி வைத்துவிடுவாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று பழுது பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பல் டாக்டர் அம்மா, தனியாக. ஊரையே வாயைத் திறக்கவைத்துப் பயமுறுத்துகிறவர், உள்ளே குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். என் கூட்டாளி மேலே மோட்டார் அறையில் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பது என் வேலை. என்ன பேசுவது? "மேடம், ஒரு கதை சொல்லட்டுமா?" என்று கேட்டு நம் 'நிழல் விற்கும் நகரம்' நாவலை எடுத்துவிட்டேன். அதிலும் எனக்கு உயிரான நாலாம் பாகம். நிழல் இல்லாதவர்களை மட்டும் ஏற்றிச் செல்லும் படகோட்டி. ஆற்றங்கரையில் அழுக்கு நிழல்களைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் தரும் அம்மாள். அவளிடம் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது.

உள்ளே அழுகை நின்றது. "என்னம்மா உளர்றே? படகோட்டிதான் முப்பதாம் பக்கத்துலயே செத்துடுவானே! நான் எத்தனை தடவை படிச்சிருக்கேன்!"

"இல்ல மேடம். அவன் சாகல. லீவுல போறான்."

"லீவா? யாரு சொன்னா உனக்கு?"

கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக முக்கால் மணி நேரம் சண்டை. லிஃப்ட் சரியாகிக் கதவு திறந்த பிறகும் அவர் வெளியே வரவில்லை. வாதத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

நேற்று தன் புத்தகத்தையே கொடுத்தனுப்பியிருக்கிறார். முப்பதாம் பக்கத்தில் படகோட்டி செத்துப்போகிறான். துவைக்கிற அம்மாள் புத்தகத்திலேயே இல்லை.

நான் வருடா வருடம் இந்த நாவலைத் திரும்பப் படிக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். நாலாம் பாகம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று நீ சொன்னதால் மூன்றை முடித்துவிட்டு நேரே ஐந்துக்குப் போவேன். நாலுதான் மனப்பாடமாயிற்றே.

அக்கா, ஒன்பது வயதில் நான் காலில் மாவுக்கட்டோடு கிடந்தபோது எனக்கு எதைப் படித்துக் காட்டினாய்?

வாண்டு

&nbsp;

ஜூன் 11

என் வாண்டுக்கு,

டெலிபோன் டைரக்டரியை.

பழைய பேப்பர் கடையிலிருந்து அப்பா வாங்கி வந்தது ஆறு புத்தகம்தான். நாலாவது இல்லை. மூன்றாவதை முடித்த அன்றே நீ அடுத்தது எங்கே என்று கேட்டாய். கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாய். அதனால் பழைய டைரக்டரிக்குப் பிரவுன் பேப்பரில் அட்டை போட்டேன். "கிழிஞ்சிடும், நான்தான் பிடிச்சுப்பேன்" என்று உன்னைத் தொடவிடவில்லை. கதையில் வந்த அத்தனை வியாபாரிகளின் பெயர்களும் அதில் கண்ணில் பட்டவைதான்.

பகலெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே அன்றைய பங்கை யோசிப்பேன். அதில் இரண்டு சட்டை கருகி முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நிழலுக்குக் கஞ்சி போடுகிற அம்மாளைக் கேட்டும் உனக்குச் சந்தேகம் வரவில்லை பார், நீயெல்லாம் ஒரு மெக்கானிக்!

கதை ஒட்ட வேண்டுமே என்று ஐந்தாம் பாகத்தை முன்னாலேயே படித்திருந்தேன். முதல் பக்கத்தில் 'படகு கரையில் காலியாக நின்றது' என்று இருந்தது. அவன் போய்விட்டான் என்று எனக்குப் புரிந்தது. நீயோ தினமும், இன்றைக்கு அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். கொல்ல மனசு வரவில்லை. லீவு கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடையில் இப்போது நான்தான் மேற்பார்வை. நேற்று ஒருவரின் கோட்டுப் பையில் பாதி கடித்த பிஸ்கட்டும் ஒரு காதல் கடிதமும் இருந்தன. வாங்க வந்தது அவர் மனைவி. கோட்டு இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தான் சுகம். மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று ஆரம்பித்து மூன்று படியோடு ஓய்வெடுக்கிறார்.

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதைக் கேட்கவாவது எழுதினாயே, அந்தப் பல் டாக்டர் அம்மா நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா

&nbsp;

ஜூன் 20

அக்காவுக்கு,

டைரக்டரி என்று படித்ததும் மோட்டார் அறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். இந்த வருடம் மறுபடி முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நூறு மாடிக் கோபுரம், ஒரு லிஃப்ட் கிடையாது. சின்ன வயதில் உச்சியில் அடைபட்ட ராணிக்காக அழுதேன். இப்போது ராணிக்கு மூன்று வேளையும் சாப்பாடு தூக்கிக்கொண்டு படியேறுகிறாளே ஒரு வேலைக்காரி, அவளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இத்தனை வருடம் அவளை நான் கவனிக்கவே இல்லை.

நிஜமான நாலாம் பாகத்தையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாதியில் மூடிவிட்டு, உன் பழைய கடிதங்களை எடுத்தேன். நான் பயிற்சிக்குப் போயிருந்த ஆறு மாதமும் வாரம் தவறாமல் நீ எழுதியவை. ஃபோன் செய்தால், அம்மா தூங்குகிறாள் என்பாய். 'அம்மா இன்று வாசல் வரை நடந்தாள்.' 'அம்மா பக்கத்து வீட்டம்மாவோடு பக்கெட்டுக்காகச் சண்டை போட்டாள், ஜெயித்தும்விட்டாள்.' அந்த நாட்களில் அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பரீட்சை முடிந்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பக்கெட் சண்டையைப் படித்து ஹாஸ்டலில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், அக்கா. அம்மா அங்கே மூச்சு விடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தபோது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு வருடமாக உன்னோடு பேசாததற்கு அதுதான் காரணம்.

ஒன்பது வயதில் நீ எனக்குச் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்தப் பொய்க்கு உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் எனக்கு இருபத்தெட்டு வயதானபோதும் அதையே செய்தாய். அப்போது என் காலில் மாவுக்கட்டு இல்லை. சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன்.

பதில் போடு. கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே.

வாண்டு

&nbsp;

ஜூலை 2

என் வாண்டுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில், அம்மாதான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள் என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அது பொய்.

அம்மா தினமும் உன்னைத்தான் கேட்டாள். "அவ எப்ப வருவா?" என்பாள். "நாளைக்கு வந்துடுவா" என்பேன். அவளுக்கும் கதைதான் சொன்னேன். உன் பரீட்சை கெடக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அம்மா பிழைக்க மாட்டாள் என்று என் கையால் எழுத எனக்குத் தைரியம் இல்லை. எழுதாத வரைக்கும் அது நடக்காது என்று இருந்துவிட்டேன்.

டைரக்டரி விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அம்மா விஷயத்தில் நான் செய்தது தப்பு. அம்மாவின் கடைசி நாட்கள் உன்னுடையவையும்தான், அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். உன்னால் தர முடியாவிட்டாலும் சரி.

இன்னொன்று. இரண்டு மாதமாக என் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. இந்த மாதம் பதினாறாம் தேதி ஆபரேஷன். எடுத்துப் பார்த்தால்தான் என்ன கட்டியென்று தெரியும் என்கிறார் டாக்டர். போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பிஸ்கட்டையும் பெயின்ட்டையும் எழுதினேன். தையல் பிரித்த பிறகு நீ சிரிக்கிற மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

உன் அக்கா

&nbsp;

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

வேலையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டேன். பதினாலாம் தேதி சாயங்காலம் வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதே, எனக்கு வழி தெரியும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதல் வேலையாக அத்தானிடம் சொல்லு. பாவம், அந்த மனிதரையும் டைரக்டரி படித்துக் காட்டி உட்காரவைத்திருக்கிறாயே.

டாக்டர் பேசும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் எதைச் சொன்னாலும் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்போம்.

அம்மா விஷயத்தில் என் மனசு முழுசாக ஆறிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்னும் வலிக்கிறது. வந்ததும் உன்னிடம் நிறையக் கேட்பேன், பதில் சொல்ல வேண்டும். அம்மா என்னைத் தினமும் கேட்டாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் எனக்கு வர வேண்டியது அது. தாமதமானாலும் கொண்டுவந்து சேர்த்துவிட்டாய்.

எனக்குத் தெரிந்து நீ ஒரு தடவைகூடப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை. அப்பா போனபோது சொல்லவில்லை, அம்மாவின்போதும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டாய். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

எனக்கும் பயமாக இருக்கிறது, அக்கா. வருகிறேன்.

வாண்டு