கூரைத் தகட்டில் சுட்ட பன்றிக்கறி

நம்ஹே,
ஏப்ரல் 18

மின்ஜு அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கப்பல் பட்டறை விடுதியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கார் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்க உங்கள் சிநேகிதர் கில்சுவை அனுப்பினீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? சனிக்கிழமை நான் பூண்டு வயலிலிருந்து திரும்புவதற்குள் ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் ஒரு மூலையை உடைத்தே விட்டார். முகமூடி தாடைக்குக் கீழே தொங்குகிறது. முற்றத்தில் காயப்போட்ட நெத்திலி முழுக்க வெள்ளைத் தூள். அத்தனையையும் தண்ணீர் தெளித்துப் பையில் கட்டினேன்.

ஊர் அலுவலகத்து ஆட்கள் வந்து பிரிப்பார்கள், இறங்குங்கள் என்றால், "அட போங்க அண்ணி, ஒரு கூரையப் பிரிக்க ராக்கெட்ல போறவன் மாதிரி உடுப்பு மாட்டிக்கிட்டு மூணு பேரு வரணுமா? அரை நாள் வேலை. முடிஞ்சதும் ரெண்டு கிண்ணம் அரிசிக் கள்ளு ஊத்துங்க, போதும்" என்கிறார். அதோடு விட்டாரா, உங்களுக்கே போன் போட்டு என் கையில் கொடுத்தார். நீங்களாவது புத்தி சொல்வீர்கள் என்று பார்த்தேன். "சின்ன வயசுல அந்தத் தகட்டு மேலயே பன்றிக்கறி சுட்டுத் தின்னவங்க நாங்க. கொழுப்பு பள்ளத்துல அழகா வழிஞ்சு ஓடும். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" என்றீர்கள்.

என்ன ஆயிற்றா? அந்தக் கறியைச் சுட்டது உங்கள் அண்ணன். ஊர்க் கூரைகளுக்கெல்லாம் ரம்பத்தால் தகடு அறுத்துக் கொடுத்ததும் அவர்தான். கடைசி எட்டு மாதம் மூக்கில் குழாயோடு உட்கார்ந்தபடியே தூங்கினார். லீவு இல்லை என்று நீங்கள் இரண்டே முறை வந்தீர்கள். கஞ்சி ஊட்டியவள் நான். ஒரு வாய்க்கு ஆறு தரம் மூச்சு வாங்கினார். அதைப் பார்த்தவளிடம் வீரம் பேச உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஏணியை மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிடாரி என்று கில்சு ஊரெல்லாம் சொல்கிறாராம். சொல்லட்டும்.

ஊர் அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன் அல்லவா, அந்த ஆட்கள் நேற்று வந்தார்கள். கூரையை நனைத்து, ஆணிகளைக் கழற்றி, ஒரு தகடும் உடையாமல் இறக்கி, இரண்டு சுற்று பிளாஸ்டிக்கில் கட்டினார்கள். நெத்திலிப் பையையும் எடுத்துக்கொண்டார்கள். கில்சு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. நான் கஞ்சி ஊட்டும்போது உங்கள் அண்ணன் ஒரு நாள், "நான் தகடு அறுக்க அறுக்க மறுமுனையத் தம்பிதான் புடிச்சுப்பான். தூள் படிஞ்சு அவன் தலையெல்லாம் வெள்ளையா இருக்கும். கிழவன்னு கேலி பண்ணிச் சிரிப்பேன். அவனப் பாத்துக்கம்மா" என்றார். ஏன் சொல்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நேற்று வந்த மேஸ்திரியிடம் அதைச் சொல்லிக் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, "மார்புப் படம் எடுத்துப் பாத்துடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

சனிக்கிழமை போனில் நீங்கள் மூன்று முறை இருமினீர்கள். வெல்டிங் புகை என்றீர்கள். புகையாகவே இருக்கட்டும். மே நான்காம் தேதி ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். லீவு இல்லை என்ற பேச்சை இந்த முறை நான் கேட்கப் போவதில்லை.

ஷெட் இப்போது மொட்டையாக நிற்கிறது. புதுத் தகரம் போட நான் யாரையும் கூப்பிடவில்லை. அதை நீங்களே உங்கள் கையால் போடுங்கள். கார் நனைந்தால் நனையட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு கொட்டகைச் சாவியைத் தருகிறேன். நீங்கள் மூச்சு வாங்காமல் மேலே ஏற வேண்டும், நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வழி பார்த்திருக்கும்,
டோக்சிம்