எடுக்காத படத்தின் மறுபதிப்பு

வீடு,
திங்கள் மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறார். குளிர்பதனக் கிடங்கில் கையுறையைக் கழற்ற முடியாது, அதனால்தான் போனை எடுப்பதில்லை என்று நீ ஆள் மூலம் சொல்லியனுப்பியதை அவரிடம் சொன்னேன். "மூணு வருஷமாவா கையுறை போட்டிருக்கான்?" என்று கேட்டார். உடனே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் ஸ்டுடியோவின் கதைப் பிரிவைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. வருகிற கதைகளைப் படித்து ஒரு பக்கத்தில் சுருக்கி மேலே அனுப்புவது என் வேலை. மேலே போனதும் அவை கீழே வந்துவிடும். இந்த வருடம் எடுக்கப்போகும் ஒன்பது படங்களில் ஏழு, ஏற்கெனவே எடுத்தவை. எட்டாவது, ஏற்கெனவே எடுத்ததை மறுபடி எடுத்ததன் மறுபடி. தொலைக்காட்சிப் பிரிவில் அந்தப் பழைய மாமியார் தொடரையும் தூசி தட்டிவிட்டார்கள். அன்றைக்கு மருமகளாக அழுதவரே இன்றைக்கு மாமியாராக வந்து அழவைக்கிறார்.

எங்கள் பிரிவுத் தலைவரை இப்போது எல்லோரும் 'மறுபடி சார்' என்றுதான் சொல்கிறோம், அவர் இல்லாத நேரத்தில். ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன், ஏன் சார் இப்படி என்று. மனிதர் ஒளிக்காமல் சொன்னார். "புதுக் கதை ஊத்திக்கிச்சுன்னா, யார் இதுக்குத் தலையாட்டினதுன்னு என்னைக் கூப்பிடுவாங்க. பழசு ஊத்திக்கிச்சுன்னா ஜனங்க ரசனை மாறிப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க படிச்சிட்டிருக்காங்கம்மா." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது.

போன வாரக் கூட்டத்தில், "பழசுல இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வாய்தான் திறந்தது. "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு படம் வந்துச்சு சார். இப்போ பிரிண்ட்கூட இல்ல. பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அப்பாவும் மகனும், ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்ல மாட்டிக்கிறாங்க."

ஆமாம்டா. உன் கதை. நீ ஊரை விட்டுப் போன அன்று, எடைக்குப் போடு என்று அப்பா கத்திய அந்தக் காகிதக் கட்டு, என் துணி அலமாரியின் அடியில்தான் இருக்கிறது. 'மிகவும் புதிதாக இருப்பதால் ஏற்பதற்கில்லை' என்று எங்கள் அலுவலகத்திலிருந்து உனக்கு வந்த கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். நீ அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருக்கலாம்.

மறுபடி சார் கண்ணை மூடினார். போச்சு என்று நினைத்தேன். "அந்த லிஃப்ட் கதவு மூடுற ஷாட்!" என்றார். "கறுப்பு வெள்ளைல என்னமா எடுத்திருப்பான்! எங்கம்மா மடியில உக்காந்து பாத்து அழுதேன்." உடனே ஒலிப்பதிவாளர் தன் பங்குக்கு அதில் ஒரு சோகப் பாட்டு உண்டு என்றார். விளம்பரப் பிரிவு அம்மாள் அந்தப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தே காட்டினார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதையை மேலே அனுப்பிவிட்டார்கள். இன்னும் கீழே வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


வீடு,
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. 'கதையைத் திரும்ப வாங்கிவிடு. உன் வேலை போய்விடும்.' மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த ஒன்றரை வரி. அதில் என் வேலைக்காக ஒரு வரி செலவழித்திருக்கிறாய். நாலு தடவை படித்தேன்.

திரும்ப வாங்கலாம் என்றுதான் போனேன். அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. மறக்க முடியாத பழைய படம் புதுப் பொலிவுடன் வருகிறது என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள், கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார். அந்தப் படத்தைத் தயாரித்தவரே அவர்தானாம்! படச்சுருளெல்லாம் தீப்பிடித்துப் போனதாம். தீயணைப்பு வண்டி தாமதமாக வந்ததை அவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. உரிமையை எழுதிக் கொடுக்கத் தயார், பேர் மட்டும் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்கிறார். நீ எழுதிய கதைக்கு இன்னொருவர் கையெழுத்துப் போடப் போகிறார். நான்தான் பேனாவை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டிலும் ஒரு கூத்து. பத்திரிகையை அப்பா உரக்கப் படித்தார். படித்துவிட்டு, "இத நான் பாத்திருக்கேன். முன் வரிசை" என்றார். அவருமா என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நினைவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், கதை கையில் இருந்தால் கொடு என்றார். தட்டச்சுப் பிரதியைக் கொடுத்தேன். உன் பெயர் அதில் இல்லை. கூட்டத்துக்குப் பிறகு நானே எடுத்துவிட்டிருந்தேன். அவர் ஆயுசில், வேலையில் இருந்தபோது கணக்கெடுத்த தண்ணீர் மீட்டரைத் தவிர வேறெதையும் இவ்வளவு கவனமாகப் படித்ததை நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் படித்தார். முதல் நாள், "அந்த அப்பன் மேல ஒரு தப்பும் இல்ல. பையன் நல்லா இருக்கணும்னுதானே கத்துறான்" என்றார். நான் துணி மடித்தேன். இரண்டாம் நாள் மாலை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆனா அந்தப் பையன் சொல்ல வந்தப்ப இவன் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம்" என்றார். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஒப்பந்தம். என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஏதாவது செய்வேன்.

அன்புடன்,
அக்கா


வீடு,
வெள்ளி மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

செய்துவிட்டேன்.

நேற்று நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கைத்தடிப் பெரியவர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். எங்கள் சட்ட ஆலோசகர் அம்மாள் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பவர். "பழைய படத்துல முடிவு என்ன? ஒப்பந்தத்துல எழுதணும்" என்றார். அவ்வளவுதான். கரண்ட் வருகிறது, இருவரும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டு என்றார் பெரியவர். மறுபடி சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் சொல்றீங்க! லிஃப்ட் அறுந்து விழுது, அப்பா போயிடறாரு. அதுக்குத்தானே நான் அழுதேன்?" என்றார். ஒலிப்பதிவாளர், லிஃப்டைவிட்டு யாருமே வெளியே வருவதில்லை, அதுதான் படத்தின் தத்துவம் என்றார். நாற்பது வருடத்துக்கு முன் 'பார்த்த' படத்துக்காக மூவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துச் சண்டை போட்டார்கள்.

நான் எழுந்தேன். "அப்படி ஒரு படமே இல்ல. என் தம்பி எழுதின கதை. முடிவுல ரெண்டு பேரும் வெளிய வந்து ஆளுக்கொரு பக்கமா நடக்கறாங்க. அப்பா மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாக்கறாரு. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

மறுபடி சார், "அப்போ நான் எதைப் பாத்து அழுதேன்?" என்றார். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார், பாவம். பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "எடுத்திருந்தா நல்லாத்தான் எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மேஜையைக் காலி செய்யக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்றால், மறுபடி சார் முதலாளியிடம் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்ததாகச் சொல்லி வைத்திருக்கிறார். முதலாளி தான் ஐந்து தடவை பார்த்ததாகச் சொல்லிவிட்டாராம். இனி யார் போய் யாரிடம் என்ன சொல்வது? எழுதியவர் ஒருவர்தான், அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சட்ட ஆலோசகர் முடித்துவிட்டார். படம் எடுக்கிறார்கள்டா! புதுக் கதை என்று மட்டும் போடக்கூடாதாம், ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். 'இதுவரை யாரும் மறுபடி எடுக்காத கதை' என்று போடச் சொல்லியிருக்கிறார் சார்.

எனக்கும் தண்டனை உண்டு. மாமியார் தொடரின் ஆயிரத்து அறுநூறு பகுதிகளையும் வீட்டிலிருந்தே பார்த்துச் சுருக்கி எழுத வேண்டும். பன்னிரண்டு முடித்திருக்கிறேன். முதல் பகுதியில் ஊற்றிய காபியே இன்னும் ஆறவில்லை, அந்தம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

முடிவில் கட்டிப்பிடிக்க வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அதை எழுதியவன்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டேன். நீ ஒப்புக்கொள்வாயோ, சண்டை போடுவாயோ, நேரில் வந்து செய். உன் பெயரை இந்தத் தடவை நானே தட்டச்சு செய்தேன். முதல் பக்கத்தில், நடுவில்.

இன்று சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை தட்டிலேயே நின்றுவிட்டது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்தார். பிறகு நான் எழுதுகிற இந்த மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அடியில் கொஞ்சம் இடம் விடு என்றார். விடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். லீவு கேள்.

அன்புடன்,
அக்கா

தம்பிக்கு, அப்பா. நான் அந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னது பொய். கதை நன்றாக இருக்கிறது என்பது பொய் இல்லை. எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. நான் நிலையத்துக்கு வருகிறேன்.