சாய்ந்த பக்கம் முப்பத்தாறு அடி

சூரமங்கலம்
ஜூன் 9, 2025, திங்கள்

வீட்டை ஒட்டிய காலி மனையை, மாமியார் எழுதிவைத்தபடி, எனக்கும் நாத்தனார் சாரதாமணிக்கும் சரிபாதியாகப் பிரித்து எல்லைக்கல் நட்டேன். என் பாதி செவ்வகம், 44க்கு 30 அடி. அவள் பாதி ரயில்வே நிலத்தை ஒட்டிச் சாய்ந்து போகிறது. முன்பக்கம் 50, பின்பக்கம் 30, நடு எல்லை 30, சாய்ந்த ஓரம் 36. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினேன். இங்கே மனை அளக்கிற எல்லோரும் செய்வது இதுதான். 40 பெருக்கல் 33. இருவருக்கும் 1320 சதுர அடி. துளியும் பிசகில்லை.

சாரதா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம்பட பக்கம் சிறுசாத் தெரியுதுங்க அண்ணி."

"கண்ணுக்குத் தெரியறது கணக்கு ஆகாது."

"நீங்க கான்வென்ட்டுங்க, நானு அஞ்சாப்புங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கோணும்."

ஒவ்வொரு 'ங்க'வும் ஓர் ஊசி.

ஜூன் 11

சாரதா காப்பிக்கு வரவில்லை. அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், இறந்துபோன பிறகு மாலையில் வராமல் இருந்ததே இல்லை. வரும் திங்கள் கொத்தனார் வருகிறார். சுவர் எழும்பினால் எழும்பியதுதான்.

ஜூன் 12

அவள் வாயை அடைக்கப் பட்டாவை எடுத்தேன். முழு மனை 234 சதுர மீட்டர். மீட்டருக்கு 3.28 அடி. பெருக்கினால் 767 — மனையா, கோழிக்கூண்டா?

பக்கத்து வீட்டு ஷஹர்பானுவிடம் அவள் மகளின் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். எதற்கு என்றாள். பொழுது போக என்றேன்.

ஜூன் 13

நீளம் வேறு, பரப்பு வேறு. 3.28ஐ 3.28ஆலேயே பெருக்க வேண்டும்: 10.76. கட்டம் போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கான்வென்ட் சிஸ்டர் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

அப்படியானால் மனை 2518 சதுர அடி. ஆனால் என் 1320ம் அவள் 1320ம் சேர்ந்தால் 2640. மிச்சம் எங்கிருந்து வந்தது? தரை வளருமா?

ஜூன் 14

சரிவகம். புத்தகத்தில் இருக்கும் படம் அப்படியே அவள் பாதி. இணையான இரு பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, உயரத்தால் பெருக்கு. உயரம், அதாவது நடு எல்லை, 30. சாய்ந்த 36க்கு அங்கே வேலையே இல்லை. 40 பெருக்கல் 30 — 1200. என் 1320ஐச் சேர்த்தால் 2520, பட்டாவோடு ஒட்டிவிட்டது.

என்னைவிட அவளுக்கு 120 சதுர அடி குறைவு. ஊரே இப்படித்தான் அளக்குது, யாருக்குத் தெரியப்போகுது? நாளை மறுநாள் சுவர். சொல்லத்தான் வேணுமா?

ச்சீ. என்ன கேள்வி இது.

ஜூன் 15, ஞாயிறு

புத்தகத்தோடு அடுத்த தெருவுக்கு, அவள் வீட்டுக்குப் போனேன்.

"என் கணக்குத் தப்பு, சாரதா. கல்லை ரெண்டடி என் பக்கம் தள்ளணும். அப்பத்தான் ஆளுக்கு 1260."

புத்தகத்தில் இருந்த படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "உங்க கறிவேப்பிலை மரம் எம்பட பக்கம் வந்துருமுங்களே?"

"வரட்டும்."

"காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க."

சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஜூலை 3

ரசம் கொதிக்கிறது, கறிவேப்பிலை இல்லை. புதுச் சுவர் இறுகுவதற்காக அந்தப் பக்கம் சாரதா தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. யாரிடமும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ச் சுவரருகே நின்றேன்.

"சாரதா, ஒரு கொத்து கொடு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எத்தன சதுர அடி வேணுமுங்க அண்ணி?"