நூற்றொன்று புள்ளி இரண்டு

மே 3

மெத்தை உறை, தலையணை உறை எல்லாம் துவைத்துக் காயப் போட்டாயிற்று. நாளை மறுநாள் பேத்தியும் பேரனும் வருகிறார்கள். பள்ளிக்கு ஒரு மாதம் லீவு. முதல் இரண்டு வாரம் என் வீடு, அடுத்த இரண்டு வாரம் சம்பந்தியம்மா வீடு. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் செய்த ஏற்பாடு இது. நியாயமான ஏற்பாடுதான். எனக்குத்தான் நியாயம் பிடிக்கவில்லை.

சம்பந்தியம்மா இன்றைக்கே போன் செய்து பிள்ளைகள் வந்தாயிற்றா என்று கேட்கிறாள். முறை என்னுடையது. மூக்கு வேர்க்கிறது அவளுக்கு.

மே 5

வந்துவிட்டார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது. வாசலிலேயே செருப்பை ஜோடியாக வைத்தாள், என் ரத்தம். சின்னவனுக்கு ஐந்து. வந்ததும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். உச்சியில் நீச்சல் கண்ணாடி. என் வீட்டில் இருப்பது ஒரு வாளியும் ஒரு குவளையும். கண்ணாடி எதற்கடா என்றேன். "நீச்சல் பாட்டி வீட்டுக்கு" என்றான்.

சம்பந்தியம்மா இருக்கும் அடுக்குமாடியில் ஒரு குளம் இருக்கிறது. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அதற்கே பட்டம். முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயரான எனக்கு என்ன பட்டம் தெரியுமா? ஊசிப் பாட்டி. இவ்வளவுக்கும் ஒரே ஒரு தடவைதான் போட்டேன், அதுவும் இவன் ஆணியை மிதித்ததற்கு.

மே 6

நீச்சல் பாட்டி ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் தருவாளாம். நானும் வெட்டினேன். ஓரத்தையெல்லாம் நின்றபடியே நானே தின்றேன்.

மே 9

நல்ல நாள். இப்படி ஒரு நாள் வந்து எத்தனை காலம்!

கூடத்தில் ஆஸ்பத்திரி நடந்தது. சின்னவன் நோயாளி. பெரியவளுக்குக் கட்டில் விரிப்பின் மூலையை மடித்துச் செருகக் கற்றுக்கொடுத்தேன், இரண்டாவது தடவையே சுருக்கமில்லாமல் செய்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். தெர்மாமீட்டர் வைத்தாள். ஒரு தாளில் கட்டம் போட்டு நேரம், சூடு எல்லாம் குறித்தாள். பார்க்காமல் எண்ணை எழுதக் கூடாது, எழுதினால் அது களவு என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். சின்னவன் மாத்திரை என்று சொல்லி ஒரு கிண்ணம் திராட்சையைக் காலி செய்தான். மூவரும் தரையிலேயே படுத்துப் பகலெல்லாம் சிரித்தோம். அவர் இருந்திருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரும் நோயாளியாகப் படுத்திருப்பார்.

கடைசியில் பெரியவள் என் கையை எடுத்துத் தடவிப் பார்த்து, "நீச்சல் பாட்டி கைதான் சாஃப்டா இருக்கும்" என்றாள். இருக்காதா பின்னே? எத்தனை வருஷம் டெட்டாலில் ஊறிய கை இது.

மே 12

சாயங்காலம் அவள் போன் செய்தாள். பிள்ளைகளிடம் இருபத்திரண்டு நிமிஷம் பேசினாள். ஒரே சிரிப்பு. அங்கே குளத்தில் தவளை வந்ததாம், வாட்ச்மேன் விழுந்தாராம். என் வீட்டில் என்ன நடக்கிறது, யார் விழுகிறார்கள்?

அடுக்களைக்குப் போய் மிக்ஸியை ஓடவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை.

மே 15

இன்னும் நாலு நாள். பத்தொன்பதாம் தேதி நான் அவர்களை பஸ்ஸில் கூட்டிப்போய் அவள் வீட்டில் விட வேண்டும். நாலு மணி நேரப் பயணம். என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதுதான் கொடுமை.

இரண்டு நாள் கூட வைத்துக்கொள்ளட்டுமா என்று மகளிடம் கேட்டேன். "பாவம்மா, அத்தை நாளை எண்ணிட்டு இருக்காங்க" என்றாள். நான் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறேனாம்?

மே 17

என்ன செய்துவிட்டேன் நான்.

சின்னவன் வெயிலில் ஓடிவிட்டு வந்து என் மடியில் விழுந்தான். உடம்பு கதகதவென்று இருந்தது, எந்தப் பிள்ளைக்கும் இருப்பதுதான். அந்த நேரம் பார்த்து அவள் போன். நாளை மறுநாள் எத்தனை மணி பஸ், பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வைக்கட்டும் என்று ஆசை ஆசையாகக் கேட்கிறாள். அந்த ஆசைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு என்று கேட்டாள். வேறு யாராவது என்றால் "சுடுது" என்று மழுப்பியிருப்பார்கள். என் வாயில் வந்தது, "நூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு."

புள்ளியோடு! ஒரு தடவை பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, பார்க்காமலே ஆறு பேருக்குச் சூடு எழுதிவிட்டாள். வார்டு முழுக்கப் பார்க்க அந்தத் தாளைக் கிழித்தேன். அந்தப் பெண் பாத்ரூமில் போய் அழுதாள். இப்போது அவள் வந்து என் முன்னால் நிற்க வேண்டும்.

மே 18

ஒரு பொய்யோடு நிற்கிறதா? நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் போன் செய்கிறாள். காலை நூறு புள்ளி எட்டு. மதியம் நூற்றொன்று புள்ளி நாலு. சொன்னது மறந்துவிடக் கூடாதே என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வெட்கக்கேடு. கோடு மட்டும் நேராக இருக்கிறது.

சின்னவன் வந்து, "எனக்குக் காய்ச்சலா பாட்டி?" என்றான். கொஞ்சம் என்றேன். கொஞ்சம் குதிக்கலாமா என்று கேட்டான். குதிக்கலாம் என்றேன்.

மே 19

இன்றைக்கு அனுப்பவில்லை. ஜெயித்துவிட்டேன். சோறு இறங்கவில்லை.

பெரியவள் சொல்லாமலே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு பாட்டி" என்றாள். பேட்டரி போயிருக்கும் என்றேன். என் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் என் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அவள் அம்மாவோடு பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மே 20

காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ. சம்பந்தியம்மா! கையில் பெட்டி, முகமெல்லாம் வேர்வை. முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். நூற்றொன்று புள்ளி நாலு நோயாளி மதிலிலிருந்து குதித்து ஓடிப்போய் அவள் கழுத்தில் தொங்கினான்.

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "காலையிலதான் விட்டுச்சு" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று செருப்பைக் கழற்றினாள்.

சாயங்காலம் மகளும் வந்து நின்றாள், லீவு போட்டுவிட்டு. செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் சம்பந்தியம்மா முந்திக்கொண்டு, "நான் வந்தப்ப கூட லேசா சூடு இருந்துச்சும்மா" என்றாள். எனக்காகப் பொய் சொல்கிறாள். கண் கூட இமைக்கவில்லை. நான் மூன்று நாளாகத் தாள் வைத்துக்கொண்டு திணறுகிறேன், அவள் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்கிறாள். இதிலும் என்னை மிஞ்ச வேண்டுமா இவள்? நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாத்திரத்தை டமார் என்று போட்டேன்.

மகள் என்னவோ சின்னவன் பக்கம் போகவே இல்லை. என்னையே சுற்றிச் சுற்றி வருகிறாள். இன்றைக்கு என்ன தேதி என்கிறாள். அடுப்பை அணைத்தாயா என்கிறாள். என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கிறாள்.

மே 21

அவளும் மகளும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். போட்டுக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியும்.

மே 22

பிள்ளைகள் சம்பந்தியம்மாவோடு காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். மகள் மட்டும் போகவில்லை. இன்னொரு நாள் இருக்கிறேன் என்றாள்.

மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய் எதிரே உட்கார்ந்தேன். இனிமேல் தாங்காது. சொல்லிவிட்டேன். காய்ச்சலே இல்லை, எல்லா எண்ணும் நானே போட்டது, அவன் அந்த வீட்டுக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பொம்பளையைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது. எல்லாம் கொட்டிவிட்டேன்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "வெறும் பொறாமைதானாம்மா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அழுகிறாள், சிரிக்கிறாள். பிறகு விஷயம் வந்தது. பத்தொன்பதாம் தேதி பெரியவள் மாடிப்படியிலிருந்து அவளிடம் சொல்லியிருக்கிறாள்: தம்பிக்குக் காய்ச்சல் இல்லை, பாட்டிதான் இருக்குது இருக்குது என்று தாளில் எழுதுகிறாள்.

"நீ பார்க்காம ஒரு எண்ணை எழுதுற ஆளாம்மா? உனக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சுன்னு பயந்துட்டேன். அத்தைகிட்ட சொல்லி அழுதேன். நான் வர்றதுக்குள்ள அவங்க முதல்ல போய்ப் பார்க்கிறேன்னு கிளம்பிட்டாங்க. நாங்க சின்னவனைப் பார்க்க வரலைம்மா. உன்னைப் பார்க்கத்தான் வந்தோம்."

சம்பந்தியம்மாவுக்கு மருமகள் வாயால் எல்லாம் தெரிந்தபின்தான் அந்தப் பெட்டியும் வேர்வையும். அப்படி இருந்தும் என் மகள் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று அந்தப் பொய். மகளுக்கும் அது பொய் என்று தெரியும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, நான் ஒருத்திதான் நாடகம் ஆடியிருக்கிறேன்.

மே 23

கோபமும் வருகிறது. எனக்கா புத்தி தடுமாற்றம்?

மகள் ஊருக்குப் போய்விட்டாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை பார்க்க வார்டு இல்லை.

மே 27

சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்லலாம் என்று போன் செய்தேன். வாயில் வரவில்லை. அதற்குப் பதில், அன்றைக்கு உங்கள் முகம் ரொம்பச் சிவந்திருந்ததே, பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்து மூன்று வருஷம் ஆகிறதாம். சமீபமாகக் காலையில் தலை கனக்கிறதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்! மூன்று வருஷம். அவள் மேல் வந்த கோபத்தில் பிரஷர் கருவியைப் பையில் போட்டேன், நாளைக்கு முதல் பஸ்.

மே 28

அவள் வீட்டில் இருந்து எழுதுகிறேன். அழகான வீடுதான், இருக்கட்டும். உட்கார வைத்து ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன். 168/100. மறுபடி பார்த்தேன். அதேதான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நூத்தி முப்பதுன்னு எழுதிடுங்களேன் சம்பந்தி. தெரிஞ்சா என் மகன் நாளைக்கே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவான். இன்னும் அஞ்சு நாள்தானே."

கூட்டிப் போனால் மாப்பிள்ளை எங்கே விடுவார்? என் வீட்டில்தான். உள்ளதை எழுதினாலே போதும், மிச்ச லீவும் எனக்கு. அப்படி ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று எழுதினால் அது களவு. அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் ஒரு பொய் எழுதக் கடன்பட்டவள்தான். அதுவும் நினைத்தேன்.

168/100 என்றே எழுதினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் நாளைக்கே வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன் என்றார். வேண்டாம் மாப்பிள்ளை, பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும், லீவு முடியும்வரை நான் கூட இருக்கிறேன் என்றேன். போனை வைத்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் சொன்னது சரிதான், சாஃப்டான கை.

ஜூன் 1

டாக்டர் கொடுத்த மாத்திரை மூன்று நாளாகப் போகிறது. 148/92. உப்பில்லாமல் சமைக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறாள். வெயிலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் குளத்து ஓரத்தில் நான் குடையோடு உட்கார, அவள் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு மேலிருந்து பார்க்கிறாள்.

இன்றைக்குச் சின்னவன் முதல் தடவையாகக் கைப்பிடியை விட்டு நீந்தினான். பாதிக் குளம்! தலையைத் தூக்கி, "பாட்டி, பார்த்தியா?" என்று கத்தினான். என்னைப் பார்த்து இல்லை. மேலே பார்த்து.

எரியத்தான் செய்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். திரும்பிப் பார்த்தால், அவள் எழுந்து நின்று கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டிக்கொண்டிருந்தாள், அவன் தெரியவில்லை போலிருக்கிறது. என் குடைதான் மறைத்திருக்கிறது. குடையை மடக்கிவிட்டுச் சற்றுத் தள்ளி வெயிலில் உட்கார்ந்தேன்.