உன் மகளின் கட்டைவிரல்

என்னோடு சண்டை போட ஆளில்லாமல் பண்ணிவிட்டுப் போன அன்பு மச்சானுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்? இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சி நேற்றும் என்னைத் திட்டினாள். அதனால் அவளும் சௌக்கியம் என்று வைத்துக்கொள்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மகள் கலா, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருகிறாளே, அந்தக் கடைக்கு நம் பீங்கான் கம்பெனி முதலாளி வந்தார். டீ கோப்பையில் ஒட்டிச் சுடுவதற்குப் புதுப் படம் ஒன்று கேட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் எப்போதும் போல வெளியூர் ஆளுக்கு. பத்திரிகை வேலை குறைந்துபோச்சு மச்சான். இதுவும் கிடைக்கவில்லை என்றால் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன் என்று கலா சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து உன் வீட்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

கலா வரைந்தது நீலப் பூக்கொடி. பெரிய படம். அதைக் கொஞ்சம் நகர்த்தினாலே கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று போட்டால் சரியாகுமாம். கடலூர் போய் வாங்கி வந்தாள். ஒரு சாண் நீளத்தில் ஒரு தகடு, அதன் மேல் குட்டியாக ஒரு விசிறி. வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கார்டைக் கையில் எடுத்தாள்.

“கொடு இங்க. உங்கப்பன் கை உனக்கு. தொட்டா உடைப்ப” என்றேன்.

“மாமா, இது உங்களுக்குத் தெரியாது.”

“நாப்பது வருஷம் சூளைல சுடாத பச்சைக் கோப்பைய அச்சுலேருந்து எடுத்த கைம்மா இது. ஒரு நகக்கீறல் வுழுந்திருக்குமா, போய்க் கேட்டுப் பாரு.”

பிடுங்காத குறையாக வாங்கி, பெட்டிக்குள் அதற்கென்று இருந்த நீளப் பள்ளத்தில் பூப்போல வைத்தேன். அவள் திரையின் வயரைக் கார்டில் மாட்டி சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. உள்ளேயிருந்து நீளமாக ஒரு கீச்சு, குட்டையாக இரண்டு கீச்சு.

“ஈரம் பட்டிருக்கும். வெயில்ல வெச்சி எடுப்போம்.”

“மாமா, செத்த சும்மா இருக்கீங்களா?”

சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! கார்டைக் கெடுத்தது நான்தானோ என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றேன். விற்ற கடைக்குப் போன் போட்டாள். உள்ளே கரண்டு கொடுக்கிற பெட்டிக்குச் சக்தி போதவில்லை, திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்கள். மணி பதினொன்று.

கலா அழவில்லை மச்சான். பிளக்கைப் பிடுங்கினாள். கார்டைக் கழற்றினாள். வயரைப் பழைய இடத்திலேயே மாட்டி சுவிட்சைப் போட்டாள். படம் வந்துவிட்டது.

“மிஷினு நல்லாத்தான் இருக்குது. கார்டுலயோ, அது உக்கார்ற எடத்துலயோதான் கோளாறு” என்றாள். மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “காலைல எப்படி வெச்சீங்களோ, அதே மாதிரி இன்னொரு வாட்டி வையுங்க.”

வைத்தேன். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள்.

“ஒரு ஓரம் நெல்லு கனத்துக்குத் தூக்கிக்கிட்டு இருக்குது. அழுத்தவே இல்லையா நீங்க?”

“அழுத்துனா உடைஞ்சிடாதா?”

“இது என்ன சுடாத கோப்பையா? தள்ளுங்க மாமா.”

இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஒரே அழுத்து. ‘டக்’கென்று சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பெனியில் எங்கள் அச்சுக் கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்டால் ஒரு கோப்பை போச்சு என்று அர்த்தம். கண்ணைத் திறந்தபோது வயரைக் கார்டில் மாட்டி சுவிட்சைப் போட்டிருந்தாள். திரை பளிச்சென்று இருந்தது. கார்டு மேல் அந்தக் குட்டி விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது.

“நாப்பது வருஷக் கையாம்! கார்டு மாட்ட வந்துட்டாரு” என்று சிரித்தாள்.

படத்தை முடித்து, மூன்றே முக்காலுக்கு சி.டி.யோடு கிளம்பினோம். அவள் வண்டி ஓட்ட, நான் பின்னால் உயிரைப் பிடித்துக்கொண்டு. முதலாளி படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “சாஸருக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மா” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் வீட்டுக்காரி நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். தட்டை எடுத்து உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு கேட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும் மச்சான். கோப்பையை உடைக்கிறாய் என்று உன்னை அச்சுக் கொட்டகையிலிருந்து லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலைக்கு மாற்றினார்களே, அன்றைக்கு ஆரம்பித்து ‘உலக்கைக் கை’ என்று விருத்தாசலம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லாவற்றுக்கும் சண்டைக்கு வந்த நீ, அதற்கு மட்டும் ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை. உறைத்ததா? இல்லை, கிறுக்கன் என்று விட்டுவிட்டாயா? நீ இருக்கும்போதே கேட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

சரி, சத்தியம் ஒன்று பண்ணித் தருகிறேன். இனிமேல் உன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் மூக்கு இருக்கிறது, என் ஆயுசுக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
நீயே தேடிப் பிடித்து உன் தங்கச்சி தலையில் கட்டிவைத்த
உன் மச்சான்